விரிப்பு மடிக்க இரண்டு பேர்

பிப்ரவரி 11, செவ்வாய்

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய நாளை எந்தக் கிழமையில் வரும் என்று அவருக்கே தெரியாது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் புவியியல் விடைத்தாள்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன. ஒருத்தி கழிமுகத்தைக் கொண்டுபோய் மலை உச்சியில் வைத்திருக்கிறாள்.

மாலையில் தம்பி வந்தான். காலணிகளைச் சுவரோடு சேர்த்து வைத்தான். பிறகு, ரொட்டி வாங்கிவிட்டேன் என்று சொல்வதுபோல, "வேலை கிடைச்சிருக்கு" என்றான்.

"எங்கடா?"

"லாண்டரில. பாலத்துக்கு அந்தப் பக்கம். மூணு மாசம் பார்ப்பாங்களாம். சரின்னு சொல்லிட்டேன்."

என்னைக் கேட்காமல் சரி என்று சொல்லியிருக்கிறான். நாற்பத்து மூன்று வயது. கேட்க வேண்டிய அவசியமில்லைதான்.

சனிக்கிழமைதோறும் அவன் போகும் ஆட்டிசக் குழுவின் ஏற்பாடு. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம். 'எல்லோரையும் உள்ளடக்கிய பணியிடம்' என்று அவர்கள் கொடுத்த அட்டையில் போட்டிருக்கிறது. அடக்குவதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு. உள்ளே விடுவதில் எப்படியோ, பார்க்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால்தான் ஒத்துக்கொள்வேன். போன முறை நகல் எடுக்கும் கடை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் கடையைத் திறந்தால் இயந்திரங்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன, வாசலில் புதிதாக ஒரு மணி. நண்பகலில் கடைக்காரர் ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். "பாவம்மா, வீட்லயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இவன் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தக் குழு வந்துதான் அவனைத் தெருவுக்கு இறக்கியது.

இன்னொரு முறை அப்படித் திரும்பி வந்தால், மறுபடி எழுந்து வெளியே போவானா? எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சித்தி தொலைபேசியில்.

"இந்த வயசுல அவனை எதுக்குடி ஊரான் துணி துவைக்க அனுப்புற?"

"துவைக்க இல்ல சித்தி. மடிக்க."

"மடிக்கிறதுன்னா வீட்லயே மடிக்கட்டுமே! உன் அலமாரியைத் திறந்தா துணியெல்லாம் மேல வந்து விழுது."

சித்தி பேச்சில் எப்போதும் கொஞ்சம் நியாயம் இருந்து தொலைக்கும். அதனால்தான் எரிச்சல்.

பிப்ரவரி 15, சனி

இன்று அவனோடு குழுவுக்குப் போனேன். நூலகத்தின் பின்பக்கம் ஒரு கூடம். குழல்விளக்கைப் போட மாட்டார்கள், அதன் ரீங்காரம் சிலருக்கு ஆகாது. ஜன்னல் வெளிச்சம் போதும். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். யாரும் யார் முகத்தையும் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றில்லை. களைத்தால் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகலாம். ஒருவர் மின்தூக்கிகளைப் பற்றி மட்டும் பேசுகிறார். ஒருத்தி மூலையில் பாயில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். இதெல்லாம் ஒரு மாதம் தாங்காது என்று ஆரம்பத்தில் நினைத்தேன். என் வாழ்நாளில் நான் போன எந்தக் கூட்டத்தையும்விட இதில் பொய் குறைவு.

நடத்துகிறவள் முப்பது வயதுப் பெண். கணக்குத் தணிக்கை படித்தவள். அவளுக்கும் ஆட்டிசம். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பதால் இந்தக் குறிப்பேட்டில் அவள் பெயர் குட்டைமுடி. என்னோடு பேசும்போது என் தோளைப் பார்த்துத்தான் பேசுவாள். மரியாதை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அவளைப் பிடிக்கும். "அவங்க சொன்னா சொன்னதுதான் அர்த்தம்" என்பான்.

"உங்களுக்கு அங்க என்னென்ன வேணும்?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினாள். என் மாணவிகளிடம் நான் செய்வது!

"பிழியிற மெஷின் பக்கத்துல போனா காதுக்கு மூடி வேணும். நேரம் மாத்தினா முந்தின நாளே சொல்லணும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லையாம். நாற்பத்து மூன்று வருடமாகப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் சலவைக்கூட மேற்பார்வையாளரை நானே அழைத்தேன். தம்பி சேருவதற்கு முன் ஊழியர்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றேன். "தாராளமா வாங்க மேடம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இவங்க மாதிரி ஆளுங்களுக்கு ஏதாவது ஒரு பெரிய திறமை இருக்கும்னு சொல்றாங்களே, இவருக்கு என்ன மேடம்?"

"மூக்குக் கண்ணாடிய எங்க வெச்சோம்னு தினமும் மறந்துடறது."

சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பேச்சு தயார். படங்களோடு. பாடம் நடத்துவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

பிப்ரவரி 21, வெள்ளி

போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

சலவைக்கூடம் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு பக்கம் வட்டக் கதவுகளோடு இயந்திரங்கள், நடுவில் ஆளுயர உருளைகள் வைத்த இஸ்திரி, மறு பக்கம் நீண்ட மடிப்பு மேசைகள். ஈரத் துணியும் சூடும் சேர்ந்த மணம். ரேடியோ ஒன்று தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. தேநீர் நேரத்தில் எல்லோரும் ஓய்வறையில் கூடினார்கள். தம்பியும் வந்திருந்தான். சரக்கு இறக்கும் மேடையில் உட்காரச் சொன்னேன். தன்னைப் பற்றிய பேச்சை அவன் உட்கார்ந்து கேட்க வேண்டாமே என்றுதான்.

அவனுக்கு இன்னதுதான் என்று ஒரு மருத்துவர் பெயர் சொன்னபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது, அதுவரை எல்லோருக்கும் அவன் 'ஒரு மாதிரி' என்று ஆரம்பித்தேன். அவனைத் தொடக் கூடாது. கேலி கிண்டல் வேண்டாம், அவனுக்குப் புரியாது, புண்படுவான். ரேடியோ சத்தம் ஆகாது. கேள்வி மேல் கேள்வி கேட்கக் கூடாது.

குண்டூசி விழுந்தால் கேட்கும், அப்படிக் கவனித்தார்கள். என் வகுப்பில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. கடைசியில் என் வயதொத்த ஒரு பெண், முந்தானையைப் போல ஒரு துண்டைத் தோளில் போட்டிருந்தவள், கையைத் தூக்கினாள்.

"பேசலாமாம்மா அவர்கிட்ட?"

"தேவைன்னா பேசலாம்."

"தேவைக்கு மட்டும் பேசறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப அக்கா வாயைத் தெச்சுத்தான் விடணும்." எல்லோரும் சிரித்தார்கள். துண்டு போட்டவளும்தான்.

மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

முதல் நாள். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போனான். வகுப்பில் பாறைகளைப் பற்றி என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

திரும்பி வந்தான். நடந்தே. முகம் சாதாரணமாக இருந்தது. சாப்பிட்டான். போதும்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று அவனாகவே பேசினான். துண்டு போட்ட அந்தப் பெண்தான் இவனுக்கு ஜோடி. அவளை எல்லோரும் 'ரயில்' என்கிறார்களாம், பேச ஆரம்பித்தால் நிலையத்தில்தான் நிற்கும் என்பதால். "ஆனா என்கிட்ட பேசறதே இல்ல" என்றான்.

பெரிய விரிப்பு மடிப்பதை விளக்கினான். இரண்டு பேர் எதிரெதிரே முனைகளைப் பிடித்து நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் உதற வேண்டும். நீளவாக்கில் ஒரு பாதி. அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் தன் முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். மற்ற ஜோடிகள் பார்க்காமலே செய்கிறார்களாம்.

"என்கூட மட்டும் முனைய மேசைல வைக்கிறாங்க. நான் அங்கேருந்து எடுக்கணும். நழுவிடுது. மறுபடியும் உதற வேண்டியிருக்கு."

எவ்வளவு கவனமாக நடந்துகொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஜோடி வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். இனி பின்னறையில் தனியாகத் தலையணை உறை மடிக்க வேண்டும். அமைதியான அறை, யார் தொந்தரவும் இல்லை. நான் கேட்டு வாங்கியிருந்தால்கூட இதைத்தான் கேட்டிருப்பேன். அப்படியே சொன்னேன்.

அவன் முகம் கழுவப் போனான். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல". பாலிஷ் டப்பா திறக்கப்படவில்லை.

மார்ச் 19, புதன்

போகவில்லை.

காலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "நேரமாச்சுடா." "உடம்புக்கு என்ன?" என்றேன். போர்வையின் விளிம்பை விரலால் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான், நகல் கடைக்குப் பிறகு செய்த மாதிரியே. நான் கல்லூரிக்கு விடுப்பு சொன்னேன். சொல்லி என்ன செய்தேன்? கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் ஏன் விட்டேன்? ஒரு மனுஷனை எத்தனை தடவை இப்படி உடைக்கிறது? உள்ளடக்கமாம்! அட்டை அடிச்சா ஆச்சா?

நண்பகலில் அவன் எழுந்து ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் பழைய பயம் திரும்பி வந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். நான் நினைத்தது சரியாகப் போய்விட்டது என்று ஒரு சின்ன நிம்மதி. சீ.

மார்ச் 20, வியாழன்

மேற்பார்வையாளர் அழைத்தார். குரலில் உண்மையான வருத்தம்.

"மேடம், நீங்க சொன்னபடிதான் நடந்துக்கிட்டோம். ஒருத்தர்கூட அவர் மேல கை படவிடல. ரேடியோவ நிறுத்திட்டோம். ரயிலக்காவே வாய மூடிக்கிட்டு வேலை செஞ்சாங்கன்னா பாத்துக்கோங்க."

"நன்றி."

"ஆனா விரிப்பு மேசைல அந்த ஜோடி ரொம்பப் பின்தங்கிப் போச்சு. அதான் மாத்தினேன். இப்ப வரவும் மாட்டேங்கறார். திங்கக்கிழமைக்குள்ள தெரிஞ்சா நல்லது மேடம். வேற ஆள் காத்திட்டிருக்காங்க."

அவர் அவசரப்படுத்தவில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 22, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

குழுவுக்கு மட்டும் வருவதாகச் சொன்னான். போனோம். குட்டைமுடி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மின்தூக்கிக்காரர் ஏதோ கம்பி வடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிந்த பிறகு தம்பி அவளிடம் சொன்னான், என்னிடம் இல்லை.

"நான் உள்ள போனா ரேடியோவ நிறுத்திடறாங்க."

"ம்."

"வாசல்ல நிக்கும்போது எல்லாரும் சிரிக்கிறது கேக்குது. உள்ள போனா சிரிப்பு நின்னுடுது. தினமும். ரயிலக்கா மத்தவங்ககிட்ட எல்லாம் பேசுவாங்க. என்னைப் பார்த்தா நிறுத்திடுவாங்க. அப்புறம் தலையணை உறைக்கு அனுப்பிட்டாங்க. அது ஒரு ஆள் வேலை."

"உங்களுக்கு எது வேணும்?"

"விரிப்பு. ரெண்டு பேர் வேலை."

"யாராவது அவங்கள அப்படி இருக்கச் சொன்னாங்களா?"

கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான், முகம் சரியாகத் தெரியாது. அது ஒரு வசதி. "நான்தான்" என்றேன்.

அவன் திரும்பினான். "நீ என்ன சொன்ன?"

அரை மணி நேரப் பேச்சை அவன் முன்னால் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் தலையைச் சாய்த்து, விடைத்தாள் திருத்துகிறவனைப் போலக் கேட்டான்.

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"சின்ன வயசுல உனக்குத் தலை சீவ வந்தாலே கத்துவியே."

"நீ பின்னாலேருந்து சீவின."

அவனே தொடர்ந்தான்.

"விரிப்பு மடிக்கும்போது எதிர்லேருந்து நடந்து வராங்க. கை வருதுன்னு தெரியுது. அதுல என்ன?"

"ரேடியோ… அப்பா ரேடியோ போட்டா காதைப் பொத்திப்பியே."

"செய்திக்கு முன்னால வர்ற கூவல். பாட்டு இல்ல. பாட்டு எனக்குப் பிடிக்கும். உனக்குத்தான் பிடிக்காது."

உண்மை. எனக்குத்தான் பிடிக்காது.

"கிண்டல் பண்ணா உனக்குப் புரியாதுன்னு…"

"புரியலைன்னா கேப்பேன். கேக்கறதுக்கு யாராவது பேசணுமே அக்கா."

அக்கா என்று சொன்னான், அப்போதும்.

குட்டைமுடி என் தோளைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க பேசும்போது இவர் எங்க இருந்தார்?"

"வெளில."

"ஏன்?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அன்றைக்கு அது நல்ல காரணமாகத் தெரிந்தது.

"சரி, நான் திங்கட்கிழமை போய் எல்லாத்தையும் மாத்திச் சொல்லிடறேன்" என்றேன்.

"நீங்களா?" என்று அவள் சிரித்துவிட்டாள். பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தவளும் சிரித்தாள்.

"நான் சொல்லிக்கறேன்" என்றான் தம்பி. "நீ வேணும்னா வா. வெளில உட்காரு."

மார்ச் 24, திங்கள்

வெளியே உட்கார்ந்தேன்.

சரக்கு மேடையின் ஓரத்தில் ஒரு கவிழ்த்த கூடை. அதுதான் நாற்காலி. உள்ளே ஓய்வறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். இயந்திரங்களின் இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவனுடைய குரல் அப்படியே சமதளமாகப் போகும், ஏற்ற இறக்கம் இருக்காது. கேட்கிறவர்கள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதையாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இல்லை. சொல்லியிருக்கக் கூடாது. எழுந்தேன், உட்கார்ந்தேன்.

வண்டி ஓட்டுநர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கதானே அன்னிக்கு வந்து கிளாஸ் எடுத்த டீச்சர்?"

"ஆமா."

"அன்னிலேருந்து எங்களுக்கெல்லாம் ஒரே நடுக்கம்மா. ஒருநாள் அவர் எதிர்ல வந்தார்னு நான் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நின்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு 'உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டார். பதில் சொல்லலாமா வேணாமான்னு தெரியல. தேவைக்குத்தான் பேசணும்னீங்களே. தலைய மட்டும் ஆட்டினேன். பாவம், எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தார்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் பாதியாக வந்தது.

அப்போது உள்ளேயிருந்து சிரிப்பு. பல பேருடையது. எந்தச் சிரிப்பு அது? நகல் கடையில் நின்றவர்களும் சிரித்திருப்பார்கள். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது ரயிலக்கா சிரிப்பும்மா. நல்ல சிரிப்புதான்" என்றார்.

கதவு திறந்தது. தம்பி வந்தான்.

"என்னடா சொன்ன?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன். நீ வீட்டுக்குப் போ. எனக்கு வேலை இருக்கு."

போனேன். தெரு முனை வரைக்கும் வந்து ரயில்தான் என்னைப் பிடித்தாள், மூச்சு வாங்க. "கோவிச்சுக்காதீங்கம்மா. 'எங்க அக்கா சொன்னதெல்லாம் எனக்குப் பத்து வயசுல சரி'ன்னார். நாங்க சிரிச்சிட்டோம். அவரும் சிரிச்சார். பின்னாலேருந்து மட்டும் தொடாதீங்க, பிழியிற மெஷின் பக்கம் கூப்பிட்டா காது கேக்காது, கைய ஆட்டுங்க, அவ்வளவுதான்னார். இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு மாசம் ஊமையா இருந்திருப்பேனா? எனக்குத் தொண்டையே அடைச்சுப் போச்சும்மா!"

அவளை எனக்குப் பிடித்துவிட்டது. சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

விரிப்பு மேசை. பாலிஷ் டப்பா திறந்திருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை.

புதன்கிழமை ஒரு பெரிய விடுதியின் மொத்தச் சரக்கையும் நேரத்துக்கு முடித்துவிட்டார்கள். சந்தோஷத்தில் இஸ்திரி இயந்திரத்துக்காரர் பின்னாலிருந்து இவன் முதுகில் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். இவன் கத்திவிட்டு, தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேற்பார்வையாளர் எனக்குத் தொலைபேசி செய்யப் போயிருக்கிறார். இவன் அங்கிருந்தே "வேண்டாம், வேலை நேரத்துல அவங்களுக்கு வகுப்பு இருக்கும்" என்றிருக்கிறான். ரயில் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, இந்த முறை யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். பிறகு இவன் எழுந்து வந்து மிச்ச விரிப்புகளை மடித்திருக்கிறான். இஸ்திரிக்காரர் மன்னிப்புக் கேட்டாராம். இவன், "முன்னால வந்து தட்டுங்க" என்றானாம்.

இதெல்லாம் நடந்து இரண்டு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டே சொல்கிறான். எனக்குத் தெரியாமல் ஒரு கெட்ட நாள் அவனுக்கு வந்து, போயும் விட்டது. நான் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

"துரைன்னா திட்டா?" என்று கேட்டான்.

பாலிஷ் போட்ட காலணியோடு சலவைக்கூடத்துக்குப் போகிறவன் இவன் ஒருவன்தான். அதனால் "துரை வந்தாச்சு" என்று ஆரம்பித்திருக்கிறாள் ரயில். இப்போது எல்லோருக்கும் துரை. என் கை தானாகத் தொலைபேசியைத் தேடியது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

"திட்டு இல்ல. கிண்டல். உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடு."

யோசிக்கிறேன் என்றான்.

ஏப்ரல் 18, வெள்ளி

பிடித்திருக்கிறதாம். ஆனால் அவனை அவன் எதிரிலேயே அவள் துரை என்று அழைப்பதால், அவள் எதிரில் ரயில் என்று அவனும் அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறான். அதுவரை யாரும் அவள் காதுபட அப்படி அழைத்ததில்லை! மேசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். அவள், "யாருடா எனக்கு இந்தப் பேர் வெச்சது?" என்று ஒவ்வொருவராகத் துரத்தியிருக்கிறாள். சொல்லும்போது அவன் தோள் குலுங்கியது. அவன் இப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன்?

குழாய் மறுபடி ஒழுகுகிறது.

மே 23, வெள்ளி

வேலை நிரந்தரம். வாரம் நான்கு நாள். ஐந்தாம் நாள் தனக்கு வேண்டாம், களைப்பாகிவிடும் என்று அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். நானாக இருந்தால் ஐந்துக்குத் தலையாட்டியிருப்பேன், எங்கே வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று.

மேற்பார்வையாளர் அவனைப் படம் எடுத்து வாசலில் மாட்ட ஆசைப்பட்டாராம், அந்த 'உள்ளடக்கிய' வாசகத்தோடு. "விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேணும் சார், என்னை மட்டும் எடுத்தா எப்படி?" என்றிருக்கிறான். படத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். விரிப்பு நடுவில் தொங்க, ரயில் வாய் திறந்திருக்கிறது. அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், முனைகளை வாங்கிக்கொள்ள.

சித்திக்குச் சொன்னேன். "அப்ப வீட்ல யாரு மடிக்கிறது?" என்றாள். பிறகு, "நல்லாருக்கட்டும்டி" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அவன் தன் ஆட்களை வீட்டுக்கு அழைத்திருந்தான். ரயில், ஓட்டுநர், இஸ்திரிக்காரர், குட்டைமுடி. மூன்று நாளைக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டான். "நேரம் மாறாது" என்றும் சொன்னான்.

எனக்கு வீட்டில் ஆட்கள் வந்தால் கைகால் எங்கே வைப்பது என்று தெரியாது. தேநீர் போடுகிறேன் என்று சமையலறையிலேயே இருந்தேன். கூடத்தில் ஒரே இரைச்சல். ரயிலும் ஓட்டுநரும் ஏதோ ஒரு காணாமல் போன துவாலை மூட்டைக்காகச் சண்டை போட்டார்கள். குட்டைமுடி தரையில் உட்கார்ந்து, இரண்டு பேர் சொல்வதிலும் கணக்கு இடிக்கிறது என்று நிரூபித்தாள். இஸ்திரிக்காரர் என் அலமாரியைத் தற்செயலாகத் திறந்துவிட்டு, உள்ளிருந்து வந்து விழுந்தவற்றைப் பார்த்து, "டீச்சரம்மா, இது என்ன கோலம்!" என்று பதறினார். தம்பி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அதிகம் பேசவில்லை. தேநீர்க் கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு கோப்பையைக் கீழே வைத்தான். ரயில் ஒரு கதையின் பாதியில் இருந்தாள்.

"எனக்குக் களைச்சுப் போச்சு. எல்லாரும் கிளம்புங்க" என்றான்.

அதே சமதளக் குரலில். நான் தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன். விருந்தாளிகளைப் போய் இப்படியா! அவனுக்கு அப்படித்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் பிடிக்காமல் இல்லை என்று முழு விளக்கமும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"துரை உத்தரவு போட்டாச்சு, எழுந்திரிங்கப்பா" என்றாள் ரயில். "மிச்சத்த நாளைக்கு மேசைல சொல்றேன்."

"சரி" என்றான் அவன்.

நான் யாரிடம் சொல்வது? எல்லோரும் வாசலில் குனிந்து, சிரித்தபடி, தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.